‘வேண்டாம்’ என்ற சொல்லும் விற்பவரின் மூளையும்

1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மெட்ரோபாலிட்டன் லைஃப் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தீராத தலைவலி ஒன்று இருந்தது. முகவர் வேலை கேட்டு ஆண்டுக்குச் சுமார் 60,000 பேர் வருவார்கள். தேர்வு வைத்து, நேர்காணல் நடத்தி, சலித்தெடுத்து 5,000 பேரை வேலைக்கு வைப்பார்கள். முதல் ஆண்டு முடிவதற்குள் அதில் பாதிப் பேர் கழன்றுகொள்வார்கள். நான்காம் ஆண்டு முடிவில் ஐந்தில் ஒருவர்தான் மிஞ்சுவார். ஒருவரைத் தேடிப் பிடித்துப் பயிற்சி கொடுத்துக் களத்தில் இறக்க 30,000 டாலருக்கு மேல் செலவு. முதல் ஆண்டிலேயே போய்விடுகிறவர்களை மட்டும் கணக்கில் எடுத்தாலும் ஆண்டுக்கு 7.5 கோடி டாலர் நஷ்டம்.

ஏன் போகிறார்கள் என்பதில் மர்மம் எதுவும் இல்லை. ஆயுள் காப்பீடு விற்பவர் நாள் முழுக்கக் கேட்பது ஒரே ஒரு பதில்தான்: வேண்டாம். நம் ஊரில் எல்.ஐ.சி. ஏஜென்டைத் தெருமுனையில் பார்த்ததும் வேறு சந்தில் திரும்பிப் போன உறவினர்கள் எல்லோர் வீட்டிலும் உண்டு. அந்த ஏஜென்டின் பக்கம் நின்று அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் குறைவு. சாவைப் பற்றிப் பேச வேண்டும், கையில் தொட்டுப் பார்க்க முடியாத பொருளை விற்க வேண்டும், பத்துப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்ட பிறகும் பதினோராவது ஆளிடம் போய் முதல் ஆளிடம் பேசிய அதே குரலில் பேச வேண்டும். இதைத் தாங்குகிறவர் யார், தாங்காதவர் யார் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா? நிறுவனத்தின் தலைவர் ஜான் கிரீடன் இந்தக் கேள்வியோடு போனது பென்சில்வேனியா பல்கலைக்கழக உளவியலாளர் மார்ட்டின் செலிக்மனிடம்.

செலிக்மனுக்கு விற்பனையைப் பற்றி எதுவும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது, உயிர்கள் எப்போது முயற்சியைக் கைவிடுகின்றன என்பது. அதையும் அவர் நாய்களிடமிருந்து கற்றிருந்தார்.

1967இல் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் வெளியிட்ட அந்தச் சோதனைகளை இன்று படிக்கக் கொஞ்சம் மனம் கூசும். இப்போது அவற்றுக்கு அனுமதி கிடைப்பது அரிது. நாய்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்கு மின்னதிர்ச்சி. ஆனால் தலையால் ஒரு பலகையைத் தள்ளினால் அது நின்றுவிடும். இரண்டாம் குழுவுக்கு அதே அளவு, அதே நேரம் அதிர்ச்சி. ஆனால் என்ன செய்தாலும் நிற்காது. முதல் குழு நாய் தன் பலகையைத் தள்ளும்போதுதான் இரண்டாம் குழு நாய்க்கும் நிற்கும். மூன்றாம் குழுவுக்கு எதுவும் இல்லை. மறுநாள் எல்லா நாய்களையும், நடுவில் தாழ்வான தடுப்பு வைத்த பெட்டியில் விட்டார்கள். தடுப்பைத் தாண்டினால் தப்பித்துவிடலாம். முதல் குழுவும் மூன்றாம் குழுவும் சட்டென்று தாண்டக் கற்றுக்கொண்டன. இரண்டாம் குழுவில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு நாய்கள் அப்படியே படுத்துவிட்டன. தாண்டும் தடுப்பு கண்ணெதிரில் இருந்தது, முயலவே இல்லை.

இரண்டு குழுவும் பட்ட வலி ஒன்றுதான். வேறுபாடு, தன் செயலுக்கும் விளைவுக்கும் தொடர்பு இருந்ததா இல்லையா என்பதில் மட்டும். ‘என்ன செய்தாலும் ஒன்றும் ஆகாது’ என்று நாய் கற்றுக்கொண்டது என்றார்கள் ஆய்வாளர்கள். கற்றுக்கொண்ட கையறுநிலை என்ற கருத்து இப்படித்தான் பிறந்தது. பல ஆண்டுகள் உளவியல் பாடநூல்களில் அசைக்க முடியாத இடத்தில் உட்கார்ந்திருந்தது. அந்த முடிவில் ஒரு பெரிய பிழை இருந்தது என்பது தெரிய ஐம்பது ஆண்டுகள் ஆயின. அதற்குப் பிறகு வருவோம்.

அப்போது செலிக்மனை உறுத்தியது மிச்சமிருந்த மூன்றில் ஒரு பங்கு. அதே அதிர்ச்சியைப் பட்டும் சில நாய்கள் படுக்கவில்லை. மனிதர்களிடமும் அப்படியே. ஒரே அடி இருவர் மீது விழுகிறது. ஒருவர் எழுந்துவிடுகிறார், இன்னொருவர் எழுவதில்லை. 1978இல் லின் ஏப்ரம்சன், ஜான் டீஸ்டேல் ஆகியோருடன் சேர்ந்து அவர் ஒரு விளக்கம் தந்தார். மனிதன் தோற்றதும் சும்மா இருப்பதில்லை. ஏன் தோற்றேன் என்று தனக்குத் தானே ஒரு காரணம் சொல்லிக்கொள்கிறான். அந்தக் காரணத்தின் வடிவம்தான் அடுத்து நடப்பதைத் தீர்மானிக்கிறது.

ஒரு விற்பனைப் பிரதிநிதி மாலையில் வெறுங்கையோடு திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். “எனக்குப் பேச்சே வராது, இந்தப் பொழப்புக்கு நான் லாயக்கில்ல” என்று அவர் சொல்லிக்கொண்டால், அந்த ஒரு வாக்கியத்தில் மூன்று விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. காரணம் தன்னிடம் இருக்கிறது, அது என்றைக்கும் மாறாது, அது எல்லா இடத்துக்கும் பொருந்தும். இன்னொருவர், “பள்ளிக்கூடம் விடுற நேரத்துல போய் நின்னா யாரு காது கொடுத்துக் கேப்பாங்க?” என்கிறார். தோல்வி இவருக்கும் தோல்விதான். ஆனால் காரணம் இன்றைக்கு உரியது, இந்த வீட்டுக்கு உரியது, நாளைக்கு வேறு நேரத்தில் போனால் மாறக்கூடியது. முதலாமவருக்கு நாளைக் காலை வண்டியை எடுக்கக் கை வராது. இரண்டாமவர் எடுத்துவிடுவார்.

இதை அளக்க ஒரு வினாத்தாள் உண்டாக்கினார்கள். பன்னிரண்டு கற்பனைச் சூழ்நிலைகள், ஆறு நல்லது, ஆறு கெட்டது. ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்று எழுதி, அந்தக் காரணம் எவ்வளவு நிலையானது, எவ்வளவு பரவலானது என்று மதிப்பெண் போட வேண்டும். ‘நீங்கள் நம்பிக்கையானவரா?’ என்று நேராகக் கேட்கும் கேள்வி எதுவும் அதில் இல்லை. கேட்டால் வேலை வேண்டி வந்தவர் என்ன சொல்வார் என்பது தெரிந்ததுதானே.

செலிக்மனும் பீட்டர் ஷுல்மனும் 1986இல் வெளியிட்ட முடிவு இது. ஏற்கெனவே வேலையில் இருந்த 94 முகவர்களில், நம்பிக்கை பாணியில் காரணம் சொன்ன மேல்பாதியினர் தங்கள் முதல் இரண்டு ஆண்டுகளில் மற்றப் பாதியினரைவிட 37 விழுக்காடு கூடுதலாக விற்றிருந்தார்கள். ஆனால் இதில் ஓட்டை இருக்கிறது. நன்றாக விற்றதால் நம்பிக்கை வந்ததா, நம்பிக்கையால் விற்றார்களா? அதனால் புதிதாகச் சேர்ந்த 103 பேரை முதலிலேயே சோதித்துவிட்டுக் காத்திருந்தார்கள். ஓராண்டில், மேல்பாதி மதிப்பெண் பெற்றவர்கள் மற்றவர்களைப்போல் இரு மடங்கு விகிதத்தில் வேலையில் நின்றிருந்தார்கள்.

எனக்குப் பிடித்தது அடுத்த கட்டம். 1985இல் 15,000 விண்ணப்பதாரர்களுக்கு நிறுவனத்தின் வழக்கமான தேர்வையும் இந்த வினாத்தாளையும் கொடுத்தார்கள். வழக்கப்படி 1,000 பேரை எடுத்தார்கள். கூடவே, வழக்கமான தேர்வில் தோற்று, ஆனால் நம்பிக்கைத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கிய 129 பேரையும் தனிப்படை என்று பெயரிட்டு வேலைக்கு வைத்தார்கள். சாதாரணமாக வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டிருக்க வேண்டியவர்கள். முதல் ஆண்டில், வழக்கமான வழியில் வந்தவர்களில் நம்பிக்கை குறைந்த பாதியினரைவிட இவர்கள் 21 விழுக்காடு அதிகம் விற்றார்கள். இரண்டாம் ஆண்டில் வித்தியாசம் 57 விழுக்காடு.

இரண்டாம் ஆண்டில் இடைவெளி ஏன் விரிந்தது என்பதை யோசித்துப் பாருங்கள். முதல் ஆண்டில் எல்லோருக்கும் மாமா, சித்தப்பா, கூடப் படித்தவன் என்று ஒரு பட்டியல் இருக்கும். அது தீர்ந்த பிறகுதான் அந்நியர் கதவைத் தட்ட வேண்டிவரும். திறமையும் ஆர்வமும் முதல் ஆண்டை ஓட்டிவிடும். ‘வேண்டாம்’களின் எண்ணிக்கை ஏற ஏற, தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் காரணத்தின் எடை கூடுகிறது.

இந்த ஆய்வைக் கேள்வி கேட்காமல் ஏற்கவும் வேண்டியதில்லை. 129 பேர் என்பது சின்னக் கூட்டம். வினாத்தாளை உருவாக்கியவரே சோதனையையும் நடத்தினார். ஆனாலும் அது உடைத்த ஒரு நம்பிக்கை முக்கியமானது: விற்பனைக்கு வாய்ச்சாமர்த்தியம்தான் மூலதனம் என்பது. பின்னாளில் உளவியலாளர் ஆடம் கிராண்ட் 2013இல் தொலைபேசி வழி விற்கும் 340 பேரைப் பார்த்தபோது, அதிக வருவாய் ஈட்டியவர்கள் கலகலப்பானவர்களும் இல்லை, கூச்ச சுபாவிகளும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருந்தவர்கள். பேசவும் தெரிந்து, வாயை மூடிக் கேட்கவும் தெரிந்தவர்கள்.

ஒரு கணக்கு. இருபது பேரிடம் பேசினால் சராசரியாக ஒருவர் வாங்குவார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிரதிநிதி நாளொன்றுக்குச் சரியாக இருபது பேரைப் பார்க்கிறார். அப்படியானால் தினமும் ஒரு விற்பனை ஆகுமா? ஆகாது. ஒவ்வொரு சந்திப்பிலும் தோற்க 95 விழுக்காடு வாய்ப்பு. இருபதும் தோற்க வாய்ப்பு சுமார் 36 விழுக்காடு. எந்தத் தவறும் செய்யாமல், ஒரு குறையும் வைக்காமல் உழைக்கிறவருக்கே மூன்று நாளில் ஒரு நாளுக்கு மேல் சைபர். தொடர்ந்து மூன்று நாள் சைபர் ஆக ஏறத்தாழ ஐந்து விழுக்காடு வாய்ப்பு. இருபது பேர் கொண்ட அணியில் எந்த மூன்று நாளை எடுத்தாலும் யாரோ ஒருவர் அந்த நிலையில் இருப்பார் என்று எதிர்பார்க்கலாம். அவர் என்ன நினைப்பார்? மேலாளர் அவரைப் பற்றி என்ன நினைப்பார்?

விற்பனை என்ற தொழிலின் அமைப்பே இதுதான். தள்ளினால் அதிர்ச்சி நிற்கும் பலகை அங்கே உண்மையில் இருக்கிறது. ஆனால் இருபது முறை தள்ளினால் ஒரு முறைதான் வேலை செய்யும். முதல் குழு நாயின் பெட்டிதான் இது என்றாலும், உள்ளே இருப்பவருக்கு இரண்டாம் குழு நாயின் பெட்டியாகவே தெரியும். அதனால்தான் ‘வெற்றி மனப்பான்மை’ என்று கூட்டங்களில் முழங்கப்படும் சரக்கு இங்கே இவ்வளவு விலைபோகிறது.

இப்போது ஐம்பது ஆண்டுப் பிழைக்கு வருவோம். மேயர் பிற்காலத்தில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் மூளை ஆய்வுக்குப் போனார். நாய்களுக்குப் பதில் எலிகள். தள்ளும் பலகைக்குப் பதில் சிறிய சக்கரம். எலி சக்கரத்தைச் சுழற்றினால் வாலில் படும் அதிர்ச்சி நிற்கும். தண்டுவடத்துக்கு மேலே மூளைத்தண்டில் டார்சல் ராஃபே என்றொரு சின்னப் பகுதி இருக்கிறது. நீண்ட நேரம் துன்பம் தொடர்ந்தால் அது செரட்டோனின் என்ற வேதிப்பொருளைப் பாய்ச்சுகிறது. உயிர் செயலற்றுப் படுக்கிறது. இதற்கு எந்தக் கற்றலும் தேவையில்லை. துன்பம் நீண்டால் போதும்.

அப்படியானால் தப்பிக்க வழி இருந்த எலிகள் ஏன் படுக்கவில்லை? நெற்றிக்குப் பின்னால், முன்மூளைப் புறணியின் நடுக்கீழ்ப் பகுதி ஒன்று ‘இங்கே என் செயலால் விளைவு மாறுகிறது’ என்பதைக் கண்டுபிடிக்கிறது. கண்டுபிடித்ததும் கீழே இருக்கும் அந்த டார்சல் ராஃபேயை அடக்குகிறது. 2005இல் மேயரின் குழு இதை நுட்பமாகச் சோதித்தது. அந்த முன்புறப் பகுதியை மருந்து செலுத்தித் தற்காலிகமாக அணைத்துவிட்டுச் சக்கரத்தைக் கொடுத்தார்கள். எலிகள் வழக்கம்போலச் சக்கரத்தைச் சுழற்றி அதிர்ச்சியை நிறுத்தின. அதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் பிறகு சோதித்தபோது, கட்டுப்பாடே இல்லாத எலிகளைப்போலப் படுத்துவிட்டன. செய்தன, பலன் கிடைத்தது, ஆனால் தன் செயலால்தான் கிடைத்தது என்பது மூளையில் பதியவில்லை. அதனால் பயனில்லாமல் போயிற்று.

2016இல் மேயரும் செலிக்மனும் சேர்ந்து எழுதிய கட்டுரையில் தங்கள் பழைய கோட்பாட்டைத் தாங்களே தலைகீழாகத் திருப்பினார்கள். கையறுநிலை கற்றுக்கொள்வது கிடையாது. நீடித்த துன்பத்துக்கு மூளை காட்டும் இயல்பான எதிர்வினையே அது. கற்றுக்கொள்ள வேண்டியது கட்டுப்பாட்டை. தங்களுக்கு உலகப் புகழ் தந்த கருத்தையே ஐம்பதாம் ஆண்டில் தவறு என்று எழுதுவதற்கும் ஒரு மனம் வேண்டும்.

இன்னொரு கண்டுபிடிப்பும் அந்த வரிசையில் உண்டு. முதலில் கட்டுப்பாடு உள்ள அனுபவத்தைப் பெற்ற எலி, ஒரு வாரம் கழித்துக் கட்டுப்பாடே இல்லாத அதிர்ச்சியில் மாட்டினாலும் படுப்பதில்லை. முந்தைய அனுபவம் தடுப்பூசிபோல வேலை செய்கிறது. எலியிலிருந்து மனிதருக்குத் தாவும்போது நிதானம் வேண்டும் என்பது சரி. இருந்தாலும், வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே புதியவர் கையில் மிகக் கடினமான வாடிக்கையாளர் பட்டியலைத் திணித்து, “நீந்தத் தெரிஞ்சவன் கரையேறட்டும்” என்று விடும் பழக்கம் பல நிறுவனங்களில் இருக்கிறதே, அது இந்த அறிவியலுக்கு நேர் எதிர்த்திசையில் போகிறது.

கூட்டங்களில் முழங்கப்படும் அந்தச் சரக்குக்கு வருவோம். கண்ணை மூடி, சாதித்துவிட்டதாகக் கற்பனை செய்யுங்கள் என்பார்கள். கேப்ரியேல் ஓட்டிங்கன் என்ற ஜெர்மானிய உளவியலாளர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். பட்டம் முடித்து வேலை தேடும் மாணவர்களைப் பற்றி அவரும் டோரிஸ் மேயரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், நல்ல வேலை கிடைத்துவிட்டதாக அடிக்கடி இனிய கற்பனையில் திளைத்தவர்கள் இரண்டு ஆண்டு கழித்து மற்றவர்களைவிடக் குறைவான விண்ணப்பங்களே அனுப்பியிருந்தார்கள். குறைவான வாய்ப்புகளும் குறைந்த சம்பளமுமே பெற்றிருந்தார்கள். ‘எனக்குக் கிடைக்கும்’ என்று கடந்த அனுபவத்தை வைத்து எதிர்பார்த்தவர்களோ நன்றாகவே செய்திருந்தார்கள். எதிர்பார்ப்பு வேறு, கனவு வேறு. பிந்தைய சோதனைகளில், இனிய கற்பனையில் ஈடுபட்டவர்களின் இரத்த அழுத்தமே சற்று இறங்கியது; உடல் ஓய்வெடுக்கத் தொடங்கிவிடுகிறது.

கைகளை இடுப்பில் ஊன்றி இரண்டு நிமிடம் நின்றால் வீர ஹார்மோன் சுரக்கும் என்ற செய்தியும் ஒரு காலத்தில் எல்லா விற்பனைப் பயிற்சி வகுப்பிலும் சுற்றியது. அது 2010இல் 42 பேரை வைத்துச் செய்த ஆய்வு. 2015இல் 200 பேரை வைத்துச் செய்து பார்த்தபோது ஹார்மோன் மாற்றம் எதுவும் தெரியவில்லை. முதல் ஆய்வை நடத்தியவர்களில் ஒருவரான டேனா கார்னி, அந்த விளைவில் தனக்கு நம்பிக்கை இல்லை என்று 2016இல் வெளிப்படையாகவே அறிவித்தார். நம் பயிற்சி வகுப்புகளுக்கு அந்தச் செய்தி இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. திறமை முயற்சியால் வளரும் என்று நம்பச் சொல்லும், உளவியலாளர் கேரல் டுவெக்கின் வளர்ச்சி மனப்பான்மைக்கு இந்தக் கதி நேரவில்லை. அமெரிக்கப் பள்ளிகளில் சுமார் 12,000 மாணவர்களிடம் நடந்து 2019இல் வெளியான பெரிய ஆய்வில் பலன் உறுதியானது. ஆனால் பின்தங்கிய மாணவர்களின் சராசரி மதிப்பெண், நான்கு புள்ளி அளவுகோலில் 0.1 புள்ளி உயர்ந்தது, அவ்வளவுதான். உண்மை, ஆனால் சிறியது. மேடையில் விற்கப்படும் அளவு அதன் உண்மையான அளவைவிடப் பல மடங்கு பெரியது.

ஓரளவு உருப்படியாக நிற்பது மிகச் சாதாரணமான ஒன்று. ‘இப்படி நடந்தால் அப்படிச் செய்வேன்’ என்று முன்கூட்டியே எழுதி வைப்பது. “விலை அதிகம்னு சொன்னா, உடனே தள்ளுபடி பேசாம, எதோட ஒப்பிட்டுச் சொல்றீங்கன்னு கேப்பேன்.” பீட்டர் கோல்விட்சரும் பாஸ்கல் ஷீரனும் 2006இல் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இவ்வகைத் திட்டம் வைத்திருந்தவர்கள் வெறும் இலக்கு மட்டும் வைத்திருந்தவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மேலாகச் செய்திருந்தார்கள். இதில் மந்திரம் இல்லை. அடி விழும் நேரத்தில் யோசிக்கும் வேலையை முன்பே முடித்துவிடுகிறது.

சரி, தலைமைக்கு வருவோம். விற்பனைத் துறையில் தலைமைக்குப் போகும் வழி எல்லோருக்கும் தெரியும்: அதிகம் விற்றவரை மேலாளராக்குவார்கள். ஆலன் பென்சன், டேனியல் லீ, கெல்லி ஷூ என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் 131 அமெரிக்க நிறுவனங்களின் விற்பனைத் தரவுகளை எடுத்து இதைச் சோதித்து 2019இல் வெளியிட்டார்கள். நட்சத்திர விற்பனையாளருக்குப் பதவி உயர்வு கிடைக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அப்படி மேலாளரானவர்களில், முன்பு எவ்வளவு அதிகம் விற்றாரோ அவ்வளவுக்கு அவர் கீழ் இருந்தவர்களின் விற்பனை மோசமாக இருந்தது. சக ஊழியரோடு சேர்ந்து விற்று, பெயரையும் பகிர்ந்துகொண்டவர்கள் நல்ல மேலாளர்களானார்கள். பதவி உயர்வு கொடுக்கும்போது அதை நிறுவனங்கள் போதுமான அளவு பார்க்கவில்லை.

காரணம் ஊகிக்கக்கூடியதுதான். நட்சத்திரத்துக்குத் தன் கட்டுப்பாட்டை உணரத் தெரியும். இன்னொருவருக்கு அதை உணரவைப்பது வேறு வித்தை. போதாததற்கு, மேலாளரின் மூளையே அவரை ஏமாற்றும். உளவியலாளர் டேனியல் கானமன் இஸ்ரேலிய விமானப்படைப் பயிற்றுநர்களிடம் பேசியபோது ஒருவர் எழுந்து மறுத்தாராம்: பாராட்டினால் அடுத்த முறை சொதப்புகிறார்கள், திட்டினால் சரியாக ஓட்டுகிறார்கள், ஆகவே பாராட்டு உதவாது என்று. அவர் கண்டது உண்மை, காரணம்தான் தப்பு. மிக மோசமான ஓட்டத்துக்கு அடுத்தது பெரும்பாலும் சராசரியை நோக்கித்தான் வரும், திட்டினாலும் திட்டாவிட்டாலும். மேலே போட்ட இருபதில் ஒன்று கணக்கில் இதைப் பொருத்துங்கள். மூன்று நாள் சைபர் அடித்தவரை நான்காம் நாள் காலைக் கூட்டத்தில் எல்லோர் முன்பும் நிறுத்தி வாங்கு வாங்கென்று வாங்குகிறார் மேலாளர். அன்று அவருக்குக் குறைந்தது ஒரு விற்பனை ஆக 64 விழுக்காடு வாய்ப்பு ஏற்கெனவே இருந்தது. ஆகிவிடுகிறது. மேலாளர் ஒரு பாடம் கற்கிறார்: திட்டு வேலை செய்கிறது. விற்றவரும் ஒரு பாடம் கற்கிறார். அது நல்ல பாடமாக இருக்காது.

ஆக, மேலாளரின் கையில் உண்மையில் இருப்பது எதை எண்ணுவது என்ற முடிவு. விற்பனையை மட்டும் எண்ணினால் அதிர்ஷ்டத்தையும் சேர்த்தே எண்ணுகிறீர்கள். எத்தனை பேரைப் பார்த்தார், எத்தனை பேரிடம் இரண்டாம் முறை போனார், எத்தனை பேர் இன்னொருவரின் எண்ணைக் கொடுத்தார்கள் என்பதை எண்ணினால் அது அவர் கையில் இருப்பது. இன்று முயன்றால் இன்றே மாறும். மாதக் கடைசியில் வரும் ஒரே ஒரு எண்ணைவிட, இவைதான் ‘என் செயலால் விளைவு மாறுகிறது’ என்ற செய்தியை அடிக்கடி, தெளிவாகச் சொல்லும். இது என் ஊகம். எலிகளை வைத்து யாரும் விற்பனைக் குழு நடத்தவில்லை. ஆனால் அனுபவமுள்ள பல மேலாளர்கள் ஆய்வு எதுவும் படிக்காமலே இதைத்தான் செய்கிறார்கள்.

மறுஆய்வுக் கூட்டத்தில் கெட்ட செய்தி பேசப்படுகிறதா என்பதும் கவனிக்க வேண்டியது. ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைகளில் மருந்து தரும்போது நேரும் தவறுகளை ஆராய்ந்தபோது, நல்ல தலைமை உள்ள குழுக்களில் பதிவான தவறுகள் அதிகமாக இருந்தன. அவருக்கே முதலில் குழப்பம். பிறகுதான் புரிந்தது: அங்கே தவறுகள் கூடுதலாக நடக்கவில்லை, கூடுதலாகச் சொல்லப்பட்டன. எல்லாப் பிரதிநிதிகளும் ‘சூப்பரா போகுது சார்’ என்று சொல்லும் அணியில் மேலாளருக்குத் தெரியாமல் ஏதோ நடந்துகொண்டிருக்கிறது.

நம்பிக்கை எங்கும் நல்லது என்று செலிக்மனே சொல்லவில்லை. தோற்றால் என்ன நஷ்டம் என்று முதலில் பார்க்கச் சொல்கிறார். அந்நியர் கதவைத் தட்டுவதில் தோற்றால் சில நிமிடம் போகும். விமானத்தின் இறக்கையில் உறைந்த பனியை இன்னொரு முறை நீக்கலாமா என்று யோசிக்கும் விமானிக்கு நம்பிக்கை வேண்டாம், சந்தேகம்தான் வேண்டும். விற்பனை அறைக்கு நம்பிக்கையாளரும் கணக்கு அறைக்கு அவநம்பிக்கையாளரும் தேவை. தலைவருக்கு இரண்டு பேர் சொல்வதையும் காதில் வாங்கும் பொறுமை தேவை. அது இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு வெல்ஸ் ஃபார்கோ வங்கி சாட்சி.

ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் எட்டுச் சேவைகளை விற்க வேண்டும் என்பது அந்த வங்கியின் தாரக மந்திரம். சேமிப்புக் கணக்கு, கடன் அட்டை, இணையச் சேவை என்று எட்டு. சராசரி மனிதருக்கு எட்டு வங்கிச் சேவை எதற்கு? கிளைகளில் தினசரி டார்கெட், மணிக்கு மணி கண்காணிப்பு. நேர்மையாக எவ்வளவு முயன்றாலும் எட்ட முடியாத இலக்கு என்பது இரண்டாம் குழு நாயின் பெட்டிதான். ஆனால் மனிதர்கள் நாய்களைப்போல எல்லோரும் படுத்துவிடுவதில்லை. அங்கே உண்மையிலேயே வேலை செய்த ஒரு பலகையைப் பலர் கண்டுபிடித்தார்கள்: வாடிக்கையாளருக்குத் தெரியாமல் அவர் பெயரில் கணக்கு தொடங்குவது. தள்ளியதும் டார்கெட் அதிர்ச்சி நின்றது. 2016 செப்டம்பரில் செய்தி வெடித்தபோது இப்படிப்பட்ட கணக்குகள் 20 லட்சம் என்றார்கள்; மறு ஆண்டு மதிப்பீடு 35 லட்சமாக உயர்ந்தது. 18.5 கோடி டாலர் அபராதம். அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஊழியர்கள் சுமார் 5,300 பேர். தலைமை நிர்வாகி ஜான் ஸ்டம்ப் அக்டோபரில் பதவி விலகினார். அதே மாதம் வங்கி, கிளை ஊழியர்களுக்கான விற்பனை இலக்குகளை ஒட்டுமொத்தமாக எடுத்துவிட்டது. 2017இல் வந்த புதிய ஊக்கத்தொகைத் திட்டம், எத்தனை கணக்கு தொடங்கினாய் என்பதை விட்டுவிட்டு, வாடிக்கையாளர் அந்தக் கணக்கைப் பயன்படுத்துகிறாரா, சேவையைப் பற்றி என்ன சொல்கிறார் என்பதை எண்ணத் தொடங்கியது.